படிப்பு, பிள்ளை, கிரெடிட் கார்டு கடன்



கடன் என்பது நம் மருங்காபுரிப் பகுதிக்குப் புதிதல்ல. இது வானம் பார்த்த பூமி. மழை பெய்த ஆண்டில் கடலையும் சோளமும் வீட்டுக்கு வரும். மழை பொய்த்த ஆண்டில் வட்டிக்காரர் வீட்டுக்கு வருவார். மணப்பாறை மாட்டுச் சந்தையில் உழவு மாட்டை விற்றுக் கடனை அடைத்த கதைகளைச் சொல்லும் பெரியவர்கள் இன்றும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அந்தக் கடனுக்கு ஒரு முகம் இருந்தது. யாரிடம் வாங்கினோம், எவ்வளவு வாங்கினோம், என்ன வட்டி என்பது வீட்டிலுள்ள எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இன்று ஒரு புதுக் கடன் நம் வீடுகளுக்குள் வந்திருக்கிறது. இதற்கு முகம் இல்லை. கையளவு நெகிழி அட்டையாக, தபால் உறையில் வருகிறது. கிரெடிட் கார்டு என்கிறோம். வாங்கும்போது யாரிடமும் கைநீட்ட வேண்டியதில்லை என்பதால் மதிப்பாக இருக்கிறது. திருப்பிக் கட்டும்போதுதான் அதன் எடை தெரிகிறது. இந்த எடையை மிக அதிகமாகச் சுமப்பவர்களுள் ஒரு சாராரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. பிள்ளைகளை வைத்துக்கொண்டு தாங்களும் படிக்கிற இளம் பெற்றோரைத்தான் சொல்கிறேன்.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். இது கணக்குக்காகச் சொல்லும் குடும்பம். எந்த வீட்டையும் சுட்டிக்காட்டுவதல்ல. மனைவி பட்டம் முடித்து, திருச்சியில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அப்போது சம்பளக் கணக்கு வைத்திருந்த வங்கி ஒரு கிரெடிட் கார்டு கொடுத்தது. பிறகு திருமணம் ஆனது, குழந்தை பிறந்தது. ஆசிரியை ஆக வேண்டும் என்ற ஆசையில் வேலையை விட்டுவிட்டு பி.எட். சேர்ந்தார். 2015ஆம் ஆண்டுக்கு முன் ஓராண்டாக இருந்த அந்தப் படிப்பு இப்போது இரண்டு ஆண்டுகள். கணவருக்கு ஓட்டுநர் வேலை. மாதம் 18,000 ரூபாய் வருகிறது. வேலை போய்விட்டது, ஆனால் கார்டு கையில் நின்றுவிட்டது. கல்லூரிக் கட்டணத்தில் ஒரு தவணை, குழந்தை காய்ச்சலில் படுத்தபோது மருத்துவச் செலவு, குழந்தையின் பள்ளிச் சேர்க்கை, ஒரு காதுகுத்து விழாச் சீர் என்று ஒவ்வொன்றாகத் தேய்த்ததில் 40,000 ரூபாய் சேர்ந்துவிட்டது. ஆடம்பரமாக எதுவும் வாங்கவில்லை. ஆனாலும் கடன் வந்துவிட்டது.

இப்படிப்பட்ட ஒரு தாய்க்கு, ஒரு தந்தைக்கு நாம் என்ன சொல்லலாம்?

எலிசாவிடம் வந்த கைம்பெண்

விவிலியத்தில் 2 அரசர்கள் நூல் 4ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் ஒரு தாய் வருகிறார். கணவர் இறைவாக்கினர் குழுவைச் சேர்ந்தவர், இறந்துவிட்டார். கடன் கொடுத்தவன் அவருடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்கிக்கொள்ள வந்திருக்கிறான். அந்தத் தாய் எலிசாவிடம் வந்து முறையிடுகிறார்.

எண்ணெய் பெருகிய அதிசயம் நம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த அதிசயத்தைச் சுற்றி எலிசா வைத்த ஒழுங்கை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அந்தத் தாய் தன் கடனை முதலில் வாய்விட்டுச் சொன்னார். எலிசா அவரிடம், வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். அக்கம்பக்கத்தாரிடம் காலிப் பாத்திரங்களைக் கேட்டு வாங்கச் சொன்னார். கதவை அடைத்துக்கொள்ளச் சொன்னார. இறுதியில், எண்ணெயை விற்று முதலில் கடனை அடைத்துவிட்டு, மீதியில் தாயும் பிள்ளைகளும் வாழுமாறு சொன்னார்.

சொல்வது, கணக்கெடுப்பது, கதவடைப்பது, அடைப்பது, மீதியில் வாழ்வது, அக்கம்பக்கத்தின் உதவியைப் பெறுவது. கிரெடிட் கார்டு கடனுக்கும் இந்த ஒழுங்கு அப்படியே பொருந்தும். ஆனால் அதற்கு முன், இந்தக் கடன் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

மினிமம் டியூ என்னும் கண்ணி

மாதாந்திர பில்லில் இரண்டு தொகைகள் அச்சிட்டிருக்கும். ஒன்று மொத்தப் பாக்கி. மற்றொன்று மினிமம் டியூ, அதாவது குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை. பெரும்பாலும் அது மொத்தப் பாக்கியில் 5 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். 40,000 ரூபாய் பாக்கிக்கு ஏறக்குறைய 2,000 ரூபாய். இதைக் கட்டினால் இந்த மாதம் தப்பித்தோம் என்று நினைக்கிறோம். அபராதம் வராது, தொலைபேசி அழைப்பும் வராது. உண்மைதான். ஆனால் கடன் குறைகிறதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பல கார்டுகளில் வட்டி மாதத்துக்கு 3.5 விழுக்காட்டளவில் இருக்கிறது. ஆண்டுக்கு 42 விழுக்காடு. 40,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 1,400 ரூபாய். அந்த வட்டியின் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 252 ரூபாய். ஆக, 1,652 ரூபாய். நீங்கள் கட்டிய 2,000 ரூபாயில் அசலுக்குப் போனது 348 ரூபாய் மட்டுமே.

இதில் இன்னொரு வஞ்சகமும் இருக்கிறது. பாக்கி குறையக் குறைய மினிமம் டியூவும் குறைகிறது. கட்டுவது எளிதாகிறது என்று நமக்கு மகிழ்ச்சி. ஆனால் கடனின் ஆயுள் நீள்கிறது. புதிதாக ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாமல், ஒவ்வொரு மாதமும் அந்த 5 விழுக்காட்டை மட்டும் தவறாமல் கட்டிவந்தால், 5 ஆண்டுகள் முடியும்போது 90,000 ரூபாய்க்கு மேல் கட்டியிருப்பீர்கள். இன்னும் 20,000 ரூபாய்க்கு மேல் பாக்கி நிற்கும். பி.எட். சேர்ந்தபோது இடுப்பில் இருந்த குழந்தை அப்போது ஒன்றாம் வகுப்பில் இருக்கும். கடன் மட்டும் இன்னும் தீர்ந்திருக்காது.

இந்த வட்டிக்கு உச்சவரம்பு வைக்க ஒரு முயற்சி நடந்தது. கிரெடிட் கார்டு பாக்கிக்கு ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. எனவே வட்டியைக் கணக்கிட்டு விழிப்பாயிருக்க வேண்டிய பொறுப்பு நம்மிடமே இருக்கிறது.

முதல் படி: சொல்லுங்கள், எழுதுங்கள்

கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்கிறார். உட்கார்வதுதான் கடினம். கடன்பட்டவர் உட்கார விரும்புவதில்லை. பில்லைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிடுகிறோம். குறுஞ்செய்தியைப் படிக்காமல் அழித்துவிடுகிறோம். கணவருக்குத் தெரியாமல் மனைவியும், மனைவிக்குத் தெரியாமல் கணவரும் மறைக்கிறோம். மறைத்த கடன் இரண்டு மடங்கு வளர்கிறது. ஒன்று வட்டியால், மற்றொன்று அச்சத்தால்.

ஓர் இரவு, குழந்தை தூங்கிய பிறகு, கணவனும் மனைவியும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். யாருக்குக் கொடுக்க வேண்டும், எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி என்று எழுதுங்கள். கார்டு, நகைக் கடன், குழுக் கடன், கடைத் தவணை, கைமாற்று எதையும் விடாதீர்கள். பிறகு எதிர்ப்பக்கத்தில் வருமானத்தை எழுதுங்கள். வாடகை, அரிசி, பருப்பு, பால், பேருந்து, மருந்து, படிப்புச் செலவு என்று அவசியமானவற்றைக் கழியுங்கள்.

மிஞ்சுகிற தொகையை எங்கே கட்டுவது? எல்லாக் கடனுக்கும் கட்டாயத் தவணையைக் கட்டிவிட்டு, மீதம் உள்ளதை அதிக வட்டியுள்ள கடனுக்குப் போடுங்கள். பெரும்பாலும் அது கிரெடிட் கார்டாகத்தான் இருக்கும். பில்லில் மினிமம் டியூ எவ்வளவு குறைந்தாலும் நீங்கள் கட்டும் தொகையைக் குறைக்காதீர்கள். மேலே சொன்ன 40,000 ரூபாய்க்கு மாதம் 2,000 ரூபாய் என்று நிலையாகக் கட்டினால் 43 மாதங்களுக்கு மேல் ஆகும், மொத்தம் 86,000 ரூபாய்க்கு மேல் போகும். 3,000 ரூபாயாகக் கட்டினால் 20 மாதங்களில் முடிந்துவிடும், மொத்தம் ஏறக்குறைய 59,000 ரூபாய். மாதம் 1,000 ரூபாய் கூடுதலாகக் கட்டுவதால் மிச்சமாவது 27,000 ரூபாய். ஓர் ஆண்டுக் கல்லூரிக் கட்டணத்தில் பெரும் பகுதி அது.

இரண்டாம் படி: கதவை அடையுங்கள்

எலிசா ஏன் கதவை அடைக்கச் சொன்னார்? உள்ளே நிரம்பும் வேளையில் வெளியே சிந்தக் கூடாது அல்லவா? பாக்கி உள்ள கார்டை மீண்டும் மீண்டும் தேய்த்துக்கொண்டே அடைக்க முடியாது.

ஒரு விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். முழுப் பாக்கியையும் கட்டிவருபவருக்கு வாங்கிய பொருளுக்குச் சில வாரங்கள் வட்டி இல்லை. ஆனால் பழைய பாக்கி நின்றுவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். இன்று வாங்கும் பால் பவுடருக்கும் இன்றிலிருந்தே வட்டி ஓடும். ஏ.டி.எம்.மில் கார்டைப் போட்டுப் பணமாக எடுத்தால் அன்றிலிருந்தே வட்டி, அதோடு தனிக் கட்டணம். ஆகவே கார்டைப் பையிலிருந்து எடுத்து வீட்டில் வையுங்கள். கைப்பேசியில் பதிந்துவைத்திருக்கும் கார்டு எண்ணையும் அழியுங்கள்.

கடன் செயலிகளின் கதவையும் அடையுங்கள். ஐந்து நிமிடத்தில் பணம் என்று அழைக்கும் செயலிகளில் பல, கார்டைவிடக் கொடியவை. டிஜிட்டல் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதிகள் வகுத்தது. கடன் தரும் செயலி உங்கள் கைப்பேசியில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் எடுக்கக் கூடாது. அப்படி அனுமதி கேட்கும் செயலியிடமிருந்து விலகுங்கள். படத்தை மாற்றி மிரட்டினால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள்.

மூன்றாம் படி: பெரிய வட்டியைச் சிறிய வட்டியாக மாற்றுங்கள்

ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்காதே என்பார்கள் பெரியவர்கள். நல்ல அறிவுரை. ஆனால் 42 விழுக்காட்டுக் கடனை 12 விழுக்காட்டுக் கடனால் அடைத்து, அதன்பின் கார்டைத் தொடாமல் இருந்தால் அது கடனைக் கூட்டுவது அல்ல, சுமையைக் குறைப்பது. கார்டைத் தொடாமல் இருந்தால் என்பதுதான் இங்கே முக்கியம். இல்லாவிட்டால் இரண்டு கடன் ஆகிவிடும்.

வழிகள் சில உண்டு. முதலில் வங்கிக்கே போய், பாக்கியைக் குறைந்த வட்டியில் மாதத் தவணையாக மாற்றித் தரும்படி கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். கட்டணம் எவ்வளவு, மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று விசாரித்த பிறகே கையொப்பமிடுங்கள். அடுத்து, கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ வங்கியிலோ நகைக் கடன். கணக்குக்காக ஆண்டுக்கு 12 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அதே 40,000 ரூபாய்க்கு அதே 2,000 ரூபாயை மாதந்தோறும் கட்டினால் 23 மாதங்களுக்குள் முடிந்துவிடும். மொத்தம் 45,000 ரூபாய்க்குள் அடங்கும். கார்டில் 86,000 ரூபாய் ஆன அதே கடன்தான் இது. தாலிச் சரடையும் குழந்தையின் நகையையும் அடகு வைக்கப் பெண்கள் தயங்குவது புரிகிறது. ஆனால் பெட்டியில் நகை உறங்க, பில்லில் வட்டி விழித்திருப்பது நமக்கு நட்டமே.

மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பவர்கள் உள்கடன் கேட்கலாம். நுண்கடன் நிறுவனங்களிடம் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கடன் தருபவர் இதைப் பார்க்காவிட்டாலும் நீங்கள் பாருங்கள்.

படிப்புச் செலவைக் கார்டில் போடாதீர்கள். அதற்குக் கல்விக் கடன் இருக்கிறது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை தேவையில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்டத் தேவையில்லை. திருமணமானவர்களுக்குக் கல்விக் கடன் கிடைக்காது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு. திருமணமானவருக்குக் கணவரோ மனைவியோ, பெற்றோரோ, மாமனார் மாமியாரோ இணைக் கடன்தாரராகக் கையொப்பமிடலாம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், உங்கள் படிப்புக்கு வட்டி மானியம் உண்டா என்றும் வங்கியில் கேளுங்கள். அதுபோலவே, கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிடக் குடும்பத்தினர் ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்வி உதவித்தொகை பற்றிக் கல்லூரி அலுவலகத்தில் விசாரியுங்கள். கிறித்தவர்களுக்கு இல்லை என்று யாரோ சொன்னதைக் கேட்டு விண்ணப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

இணைச்சட்டம் 24ஆம் அதிகாரத்தில் ஓர் அழகான சட்டம் உண்டு. திரிகைக் கல்லையோ அதன் மேற்கல்லையோ யாரும் அடகாக வாங்கக் கூடாது. ஏனென்றால் மாவு அரைக்கும் கல் போய்விட்டால் அந்த வீட்டின் பிழைப்பே போய்விடும். படிக்கும் பெற்றோருக்கு அந்தத் திரிகைக் கல் எது? அவர்களுடைய படிப்புதான். கடன் நெருக்கும்போது முதலில் தோன்றும் எண்ணம், படிப்பை விட்டுவிடலாம் என்பது. பெரும்பாலும் அந்த எண்ணம் தாயின் படிப்பைத்தான் குறிவைக்கிறது. அவசரப்பட்டு அந்த முடிவை எடுக்காதீர்கள். நாளை கடனை அடைக்கப்போவதே அந்தப் படிப்புதான். விழாவைக் குறைக்கலாம், கைப்பேசி மாற்றுவதைத் தள்ளிப்போடலாம். திரிகைக் கல்லை விற்காதீர்கள்.

மிரட்டலுக்கு அஞ்ச வேண்டாம்

தவணை தவறினால் அழைப்புகள் வரும். கடனைக் கேட்க வங்கிக்கு உரிமை உண்டு. உங்களை அவமதிக்க யாருக்கும் உரிமை இல்லை. ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் வெளியிட்ட அறிவிப்பின்படி, வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. மிரட்டுவது, உறவினரிடமும் நண்பரிடமும் சொல்லி மானத்தை வாங்குவது எல்லாம் தடை செய்யப்பட்டவை. அழைத்தவரின் பெயர், எண், நேரம் ஆகியவற்றை அதே நோட்டில் எழுதிவையுங்கள். முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாட்களில் பதில் இல்லை என்றாலோ, பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 14448 என்ற எண்ணில் வழிகாட்டுவார்கள்.

கந்துவட்டி, மீட்டர் வட்டி வாங்குவதைத் தடுக்க நம் மாநிலத்தில் 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. கடன் நிறுவனங்கள் வலுக்கட்டாயமாக வசூலிப்பதைத் தடுக்கும் மசோதாவை 2025 ஏப்ரலில் சட்டமன்றம் நிறைவேற்றியது, அது சட்டமும் ஆகியிருக்கிறது. எனவே கார்டு கடனை அடைக்கக் கந்துவட்டிக்காரரிடம் போய்ச் சிக்காதீர்கள். சிக்கியிருந்தால் மறைக்காதீர்கள்.

இரண்டு சிறு விதிகளும் பயன்படும். கடைசித் தேதிக்குப் பிறகு 3 நாட்களுக்கு மேல் தாமதமானால்தான் தாமதக் கட்டணம் விதிக்கலாம். முழுப் பாக்கியையும் கட்டிய பின் கார்டை முடித்துக்கொள்ளக் கேட்டால் 7 வேலை நாட்களுக்குள் முடித்துத் தர வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வீதம் உங்களுக்குத் தர வேண்டும். பாதித் தொகை கட்டினால் போதும், தீர்த்துக்கொள்ளலாம் என்று வங்கியே இறங்கி வருவதும் உண்டு. வேறு வழியே இல்லாதவருக்கு அது ஒரு வழிதான். ஆனால் சிபில் அறிக்கையில் அந்தக் குறிப்பு நிற்கும், பிற்காலத்தில் வீட்டுக் கடன் கேட்கும்போது தடையாகும் என்பதை அறிந்தே முடிவெடுங்கள்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கடனுக்காக உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்தியை நாம் செய்தித்தாளில் எத்தனை முறை படித்துவிட்டோம்! பெற்றோர் தம் குழந்தைகளையும் உடன் சேர்த்துக்கொண்ட கொடுமையையும் படித்திருக்கிறோம். 40,000 ரூபாயோ 4 லட்சமோ, எந்தக் கடனும் ஒரு உயிருக்கு ஈடாகாது. கடனைத் திருப்பிக் கட்ட முடியாமை ஒரு குற்றமல்ல, அதற்காக யாரையும் சிறைக்குக் கொண்டுபோய்விட மாட்டார்கள். மனம் இருண்டுபோகும் வேளையில் 14416 என்ற மனநல உதவி எண்ணையோ, 104 என்ற அரசு உதவி எண்ணையோ அழையுங்கள். பங்குத்தந்தையின் வீட்டுக் கதவை எந்த நேரத்திலும் தட்டுங்கள்.

காலிப் பாத்திரம் கொடுத்த அக்கம்பக்கம்

அந்தக் கைம்பெண்ணின் கதையில் பெயரில்லாத சிலர் இருக்கிறார்கள். பாத்திரம் கொடுத்த அண்டை வீட்டார்தான் அவர்கள். அவர்கள் பணம் கொடுக்கவில்லை. எண்ணெயும் கொடுக்கவில்லை. தங்களிடம் சும்மா இருந்ததைக் கொடுத்தார்கள். அவர்கள் கொடுத்த பாத்திரங்கள் தீர்ந்தபோதுதான் எண்ணெயும் நின்றது.

கடன்பட்ட ஏழைகளுக்குத் துணை நிற்பது திருச்சபைக்குப் புதிதல்ல. வட்டிக்காரரிடமிருந்து ஏழைகளை மீட்க, 1462ஆம் ஆண்டு இத்தாலியின் பெருஜியா நகரில் பிரான்சிஸ்கன் துறவியரின் முயற்சியால் ஓர் அறநெறி அடகு நிலையம் தொடங்கியது. அத்தகைய நிலையங்களை 1515இல் ஐந்தாம் இலாத்தரன் பொதுச்சங்கம் ஏற்றுக்கொண்டது. நம் நாட்டில், இராஞ்சிப் பகுதிப் பழங்குடி மக்கள் வட்டிக்கு நிலத்தை இழப்பதைக் கண்ட இயேசு சபை அருள்பணியாளர் ஹாஃப்மன், 1909இல் சோட்டாநாக்பூர் கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கத்தைத் தொடங்கினார். நம் பங்குகளில் உள்ள வின்சென்ட் தே பவுல் சபையை 1833இல் பாரிஸ் நகரில் தொடங்கிய பிரடெரிக் ஒசானாம் அப்போது 20 வயது மாணவர்!

நாம் கொடுக்கக்கூடிய காலிப் பாத்திரங்கள் எவை? அன்பியக் கூட்டத்தில் பக்கத்து வீட்டுத் தாய்க்குத் தேர்வு என்று தெரிந்தால், அந்த மூன்று மணி நேரம் குழந்தையை வைத்துக்கொள்ளலாம். படித்து முடித்தவர்கள் தங்கள் புத்தகங்களைக் கொடுக்கலாம். வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் மாதம் ஒரு ஞாயிறு, திருப்பலிக்குப் பின் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பில்லைப் படிக்கவும் கல்விக் கடன் விண்ணப்பம் நிரப்பவும் உதவலாம். இதற்கெல்லாம் பெரிய நிதி வேண்டியதில்லை.

கொடுக்காமல் இருக்க வேண்டியவையும் உண்டு. திருமுழுக்கு, புதுநன்மை, காதுகுத்து என்று வரும்போது, சீர் எங்கே, பந்தி எங்கே, பிளக்ஸ் எங்கே என்று கேட்கும் நாக்கை அடக்குவோம். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் எத்தனையோ கார்டுகள் தேய்கின்றன. புதுநன்மை வாங்கும் பிள்ளைக்குத் தேவையானது நற்கருணையே, 30,000 ரூபாய்ப் பந்தி அல்ல. எளிய விழாவை மனமார வாழ்த்துகிறவர், அந்த வீட்டின் கடனில் ஒரு பகுதியைத் தாமே சுமந்தவர் ஆகிறார். அதுபோலவே, ஒருவர் நம்பிச் சொன்ன கடனை ஊருக்குச் சொல்லாதிருப்பது, பணம் கொடுப்பதைவிடப் பெரிய உதவி. வெளியே தெரிந்துவிடும் என்ற அச்சம் போனால்தான் கடன்பட்டவர் வாய்திறப்பார்.

நெகேமியா நூல் 5ஆம் அதிகாரத்தில், வயல்களையும் திராட்சைத் தோட்டங்களையும் அடகு வைத்த மக்கள், தங்கள் பிள்ளைகள் அடிமைகளாவதைச் சொல்லிக் கதறுகிறார்கள். நெகேமியா அதை அந்தந்த வீட்டுப் பிரச்சினை என்று விட்டுவிடவில்லை. மக்களை ஒன்றுகூட்டி, கடன் கொடுத்தவர்களையும் அழைத்து, முகத்துக்கு நேராகப் பேசினார். பங்கில் ஒரு குடும்பத்தின் கடன் எல்லாருடைய கவலையும் ஆக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

மீதியில் வாழ்வோம்

எலிசா அந்தத் தாயைப் பணக்காரி ஆக்கவில்லை. கடனை அடைத்து, மீதியில் பிள்ளைகளோடு வாழச் சொன்னார். அந்த மீதிதான் விடுதலை. கார்டு பாக்கி முடிந்த மாதத்திலிருந்து, அதே 3,000 ரூபாயில் பாதியையாவது அஞ்சலகத்திலோ வங்கியிலோ குழந்தையின் பெயரில் போட்டுவாருங்கள். அடுத்த காய்ச்சலுக்கும் அடுத்த கட்டணத்துக்கும் கார்டைத் தேட வேண்டியிராது.

படிக்கும் தாய்மாரே, தந்தைமாரே, நீங்கள் சுமப்பது வெட்கத்துக்குரிய சுமை அல்ல. பிள்ளைகளுக்காகவும் நாளைய வாழ்வுக்காகவும் ஏற்ற சுமை. இந்த வாரமே ஒரு நாள் குறித்து, கணவனும் மனைவியுமாக அந்த நோட்டை எடுத்து உட்காருங்கள். முதல் வரியை எழுதுவதற்கு முன் சேர்ந்து செபியுங்கள். கைம்பெண்ணின் குரலைக் கேட்ட இறைவன் உங்கள் குரலையும் கேட்டு, உங்கள் இல்லத்தையும் பிள்ளைகளையும் படிப்பையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.